காலித் துறைமுகத்தில் ஏழு மாதம்

கொடைக்கானல் மலையில் பள்ளங்கி ஊர்க் குப்பம்மாள் கடலை முதன்முதலாகப் பார்த்தது நாற்பத்தாறாம் வயதில், 1961 பிப்ரவரியில். பார்த்த மறுநாளே அதில் போகவும் வேண்டியிருந்தது.

அவளுடைய இருபத்திரண்டாம் வயதில் புருஷன் இறந்துபோனான். பிறகு பல வருஷம் தம்பி அழகுமலையோடு பூண்டுக் காட்டில் பாடுபட்டாள். தம்பிக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வந்ததும், அந்தக் காடு எல்லாருக்கும் பற்றாது என்று அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருந்த லாம்பர்ட் துரையின் பங்களாவில் சமையலுக்குச் சேர்ந்தாள். அங்கே பதினான்கு வருஷம் ஓடியது. துரைக்குப் பிள்ளையில்லை. துரைசானிக்குக் கை மூட்டுகளில் வாதம். சட்டைப் பொத்தான் போடக்கூட ஆள் வேண்டும். அதையும் குப்பம்மாள்தான் செய்தாள்.

தோட்டத்தை விற்றபோது துரைக்கு அறுபத்து மூன்று வயது. இங்கிலாந்துக்குத் திரும்ப எல்லாரும் கப்பலில் டிக்கெட் வாங்குவார்கள். அவர் கொச்சிக்குப் போய் ஒரு பாய்மரப் படகை வாங்கினார். தேக்குப் படகு. உள்ளே இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஆள் குனிந்தபடி நிற்கிற அளவுக்கு உயரம். தாமே ஓட்டிக்கொண்டு ஊர் போகப் போவதாகச் சொன்னார்.

"கொழும்பு வரைக்கும் வா, குப்பம்மா. அம்மாவுக்குப் படகு பழகணும். அங்கேருந்து உன்னை ரயில் ஏத்தி விடுறேன். மொத்தம் மூணு வாரம்" என்றார்.

மூன்று வாரம்தானே என்று அவளும் சரி சொன்னாள். இலங்கைக்கு மட்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஒன்றை மதுரையில் எடுத்துக் கொடுத்தார்கள். போட்டோவுக்கு உட்கார்ந்ததுதான் அந்தப் பயணத்திலேயே தனக்குப் பிடித்த வேலை என்று பின்னாளில் சொல்வாள்.

கொச்சியிலிருந்து கிளம்பிய முதல் இரண்டு நாளும் வாந்தி எடுத்தபடி கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் அடுப்படிப் பலகைக்கு மேல் தண்ணீர் நின்றது. துரையும் துரைசானியும் மாறி மாறிப் பம்பு அடித்தார்கள். துரைசானியின் கை வீங்கிப் போனதும் குப்பம்மாள் எழுந்து, சோறு வடிக்கிற பாத்திரத்தால் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினாள். ஒரு பகலும் ஓர் இரவும் கொட்டினாள். காற்று படகைக் கொழும்புக்குத் தெற்கே தள்ளிவிட்டதால், காலி என்ற ஊரின் துறைமுகத்தில் ஒதுங்கினார்கள்.

படகைக் கரைக்கு இழுத்து, இரண்டு பக்கமும் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். அடிப்பலகையில் ஓர் ஆணி அளவு துளை தெரிந்தது. பாஸ், அதாவது மேஸ்திரி, என்று எல்லாரும் கூப்பிட்ட பியதாச என்ற சிங்களத் தச்சர் உளியால் அங்கே தட்டினார். பலகை பிட்டுப் போல உதிர்ந்தது. உள்ளே கடல்புழு அரித்து, வெளித்தோல் மட்டும் மிச்சம்.

"எத்தனை பலகை மாத்தணும்?" என்று துரை கேட்டார்.

பாஸ் விரலை மடக்கவில்லை. படகின் முன்னாலிருந்து பின்னால்வரை கையை நீட்டிக் காட்டினார்.

விடுதியில் தங்கலாம் என்றார் துரைசானி. படகை விட்டு நகர மாட்டேன் என்றார் துரை. ஆகவே மூன்று பேரும் கரையில் நின்ற படகுக்குள்ளேயே குடியிருந்தார்கள். மேலே போக ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மர ஏணி. தண்ணீர், விறகு, மீன், அரிசி எல்லாம் அந்த ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் இறங்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பில் குடத்தை இடுக்கி, ஒரு கையால் ஏணியைப் பிடித்து ஏறுவாள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவையாவது. பள்ளங்கியில் மேடு ஏறிய கால்தான். ஆனால் அங்கே காற்று குளிர்ந்து வந்து முகத்தைத் துடைக்கும். இங்கே வியர்வை காயாமலே அடுத்த வியர்வை வந்தது.

கீழே நாளெல்லாம் சத்தம். பலகை அறுக்கிற சத்தம், இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தாரோடு அடிக்கிற சத்தம். சோற்றில் தார் வாடை. ஏப்ரலுக்குள் கிளம்பினால்தான் செங்கடல் பக்கம் போகக் காற்று இருக்கும் என்று துரை சொல்லிக்கொண்டிருந்தார். அடிப்பக்கம் போர்த்தச் செம்புத் தகடு இங்கிலாந்திலிருந்து வர வேண்டும். மே மாதம்தான் வந்தது. அதற்குள் காற்று மாறி மழை பிடித்துவிட்டது.

ஜூனில் துரைசானி கிளம்பினார். கொழும்பில் ஒரு பெரிய கப்பலில் இடம் கிடைத்திருந்தது. போகும் அன்று, குப்பம்மாள் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டபோது, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

"துரை சாப்பிட மறந்து போறான். நீ பாரு. படகு முடியுற வரைக்கும்."

"சரிங்கம்மா. வெரசா முடிஞ்சிரும்" என்றாள். அவர் அழவில்லை, இவளும் அழவில்லை. இரண்டு பேருக்கும் களைப்பாக இருந்தது.

ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. இரண்டு மாதத்துக்கொரு முறை துரை அவளைக் குடியேற்ற அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், இலங்கையில் தங்குகிற அனுமதிச் சீட்டில் முத்திரை வாங்கி வந்தார். அழகுமலை யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம் ஒன்று வந்தது. துரைதான் வாசித்துக் காட்டினார். காட்டில் பூண்டு நட்டாயிற்று, அக்கா எப்போது வரும் என்று கேட்டிருந்தான். "அடுத்த மாசம்" என்று துரை பதில் எழுதினார். துரைசானியிடமிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றை அவர் பிஸ்கட் டப்பாவுக்கு அடியில் வைப்பார். டப்பாவைத் துடைக்கும்போது குப்பம்மாள் பார்த்தாள். நான்கு கடிதம் ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. பிரிக்காத கடிதம் எது என்று தெரியும்.

செப்டம்பரில் ஒருநாள் மத்தியானம் பியதாச பாஸுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். துறைமுகத்தில் தமிழ் ஆட்களோடு பழகி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க வேலை?" என்று கேட்டாள்.

பாஸ் துரை இருக்கிற திசையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேலை ஜூன் மாசம் முடிஞ்சுது. இப்ப தொரை நல்ல பலகை கழட்டச் சொல்றது. நான் கழட்டுறது. திரும்ப அதே பலகை போடுறது."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நிறைத்துக்கொண்டு வந்து ஏணியில் ஏறினாள். பாதி ஏணியில் வலது முட்டி மடங்கிக்கொண்டது. குடம் கீழே விழுந்து நெளிந்தது. அவள் ஏணியைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே போகவும் தோன்றவில்லை, இறங்கவும் தோன்றவில்லை.

சத்தம் கேட்டுத் துரை வந்தார். கையில் பலகை சுரண்டுகிற தகடு. "அடி பட்டுதா?" என்றார்.

"இல்லங்க தொரை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "படகு சரியாயிருச்சுன்னு பாஸ் சொல்றாரே."

துரை தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைமயிர் முழுக்க மரத்தூள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அங்கே போய் எனக்கு என்ன சோலி, குப்பம்மா?" என்றார். "இருபத்தோரு வயசுல தாண்டிக்குடி வந்தேன். அந்த ஊர்ல என்னைத் தெரிஞ்ச ஆள் யாரு?"

"அம்மா இருக்காங்கள்ல."

"ஆமா. அம்மா இருக்காங்க."

தேற்றிச் சொல்லுகிற தெம்பு குப்பம்மாளுக்கு இல்லை.

"நீங்க போறதும் இருக்கிறதும் உங்க இஷ்டம் தொரை. நான் குத்தம் சொல்லல. என்னால இந்த ஏணி ஏற முடியல. என்னை ஊருக்கு அனுப்பிருங்க."

இன்னும் பத்து நாள் என்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ தகட்டைக் கீழே வைத்துவிட்டு ஏணியில் ஏறி வந்து, கை கொடுத்து அவளைப் படிப்படியாக இறக்கினார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். அன்று மாலை இரண்டு பேருக்கும் அவரே முட்டை பொரித்தார். கருகலாகத்தான் இருந்தது. சாப்பிட்டார்கள்.

மறுநாள் கொழும்பு வரை கூடவே வந்து ரயில் ஏற்றிவிட்டார். வண்டி நகர்கிற வரை ஜன்னல் பக்கம் நின்றார். "கடுதாசியைப் பிரிச்சுப் படிங்க தொரை" என்று மட்டும் சொன்னாள். தலையாட்டினார்.

தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, பிறகு ரயில், பிறகு மலையேறும் பஸ். பள்ளங்கிக்கு வந்து சேர்ந்தபோது அழகுமலை காட்டிலிருந்து ஓடி வந்தான்.

"என்னக்கா, இப்படி வத்திப்போய் வந்திருக்க?"

"படுக்கணும்டா. பாய் எடுத்துப் போடு" என்றாள். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அண்டை வீட்டுப் பெண்கள் கடலைப் பற்றிக் கேட்க வந்தார்கள். அவள் போர்வைக்குள்ளிருந்தே, "இன்னொரு நாள் சொல்றேன் தாயி" என்றாள். அந்த இன்னொரு நாள் சரியாக வரவே இல்லை.

அடுத்த தை மாதம் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியின் சமையற்கட்டில் சேர்ந்தாள். உட்கார்ந்து காய் நறுக்குகிற வேலை. முட்டி வலிக்கு அது தோதாக இருந்தது.

1963-இல் துரைசானியிடமிருந்து தாண்டிக்குடி பங்களா விலாசத்துக்கு வந்த கடிதம் எங்கெங்கோ சுற்றி விடுதிக்கு வந்தது. விடுதிக் கணக்கெழுதுகிற தமயந்தி வாசித்து அர்த்தம் சொன்னாள். துரை, இவள் ஊர் திரும்பியதற்கு அடுத்த வருஷம் வரை காலியிலேயே இருந்திருக்கிறார். பிறகு படகை ஒருவருக்கு விற்றுவிட்டுச் சாதாரணக் கப்பலில் வந்து சேர்ந்தாராம். வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. குப்பம்மாள் சுகமா என்று துரைசானி கேட்டிருந்தார்.

"பதில் எழுதட்டுமாக்கா? என்ன எழுத?"

குப்பம்மாள் கையிலிருந்த கேரட்டைச் சீவி முடித்தாள்.

"நல்லா இருக்கேன்னு எழுதுங்க. முட்டி வலி மட்டும்... வேணாம், அதை எழுதாதீங்க." கொஞ்சம் யோசித்தாள். "தொரைய தெனமும் கொஞ்ச நேரம் வெளிய வெயில்ல உக்கார வைக்கச் சொல்லுங்க."

"அந்த ஊர்ல வெயில் அடிக்குமாக்கா?"

"தெரியலையே. எழுதுங்க" என்றாள் குப்பம்மாள்.