மச்சான் வீட்டு ஆம்ப்ளிஃபயரும் என் சோப்பு டப்பாவும்

என் மனைவியின் அண்ணனை நான் பதினாறு வருடங்களாக வெறுத்தேன். சொத்துத் தகராறு எதுவும் இல்லை. பாட்டுக் கேட்கிற விஷயத்தில் அவர் என்னை ஒரு மனிதனாகவே மதித்ததில்லை, அவ்வளவுதான்.

மச்சானுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. நான் இருக்கும் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர் வேலை. தினமும் பஸ்ஸில் வந்து போவார். இளவயதில் டிரான்ஸ்ஃபார்மரையும் டிரான்சிஸ்டர்களையும் மதுரை வரைக்கும் அலைந்து வாங்கி, தானே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெட்டி. போட்டு அரை மணி நேரத்தில் மேல்தகடு தோசைக்கல் மாதிரி கொதிக்கும். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனால், சாப்பாட்டுக்கு முன்னால் அந்தப் பெட்டியின் எதிரில் உட்கார்ந்தாக வேண்டும். பாட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. அவர் மட்டும் பேசுவார்.

எனக்குக் கல்யாணமான புதிதில், ஆசையாக வாங்கிய ஸ்டீரியோ செட்டைக் கேட்க அவரை வீட்டுக்கு அழைத்தேன். என் அம்மாவும் சொந்தக்காரர்களும் கூடியிருந்தார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் எழுந்துவிட்டார்.

“மாப்ளைக்குக் காது இருக்கா, இல்ல ரெண்டு ஓட்டதான் இருக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். அதன் பிறகு எந்த விசேஷ வீட்டில் பார்த்தாலும், “என்ன மாப்ள, ஓட்டைய அடைச்சாச்சா?” என்றுதான் நலம் விசாரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். அந்தச் செட்டை ஒரே வருடத்தில் தள்ளிவிட்டு, அவருடையதைப் போலவே கனமான ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கினேன். அதையும் அவர் மெச்சவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், வோல்டேஜ் ஏறி இறங்கிய ஒரு கோடையில், அது புகைந்தது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “இதுக்கு ஒரிஜினல் டிரான்சிஸ்டர் இப்ப வாரதில்ல சார். டூப்ளிகேட் போட்டா ஒரு மாசம் தாங்கும். பேசாம டிஜிட்டல் ஒண்ணு வாங்கிப் போடுங்க.”

போனிலேயே ஆர்டர் போட்டேன். பார்சலைப் பிரித்தபோது, அடாப்டரை மட்டும் அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆம்ப்ளிஃபயர் அதன் அடியில் இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். பழைய ஸ்பீக்கர்களிலேயே அதை மாட்டினேன். முதலில் என்னைத் தொட்டது பாட்டில்லை, பாட்டுக்கு முன்னால் இருந்த அமைதி. இத்தனை வருடங்களாக ஒரு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைப் பாட்டோடு சேர்த்தே கேட்டு வந்திருக்கிறேன். அது இப்போது இல்லை. பாடுகிறவர் மூச்சை இழுப்பது கேட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், டப்பா சில்லென்று இருந்தது. கம்பெனியில் பேண்டேஜ் துணிக்கு பில் போடுகிற என்னைப் போன்ற கிளார்க்கின் சம்பளத்துக்கு இவ்வளவு நல்ல சத்தம் கிடைக்கும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த முறை வீட்டுக்கு வந்த மச்சான் அதைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். “என்னது மாப்ள இது, சோப்பு டப்பாவா?”

“போடுதேன், கேட்டுப் பாருங்க மச்சான்.”

“இதக் கேக்க வேற செய்யணுமாக்கும். பாத்தாலே தெரியுதே. இதுல எலும்புதான் வரும், சதை வராது.”

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மச்சானின் மகளும், போலீஸில் கான்ஸ்டபிளாக இருக்கும் மருமகனும் வந்திருந்தார்கள். அந்தப் பையனையும் மச்சான் விட்டுவைத்ததில்லை. லத்தி பிடிக்கிற கைக்கு வால்யூம் திருகத் தெரியாது என்பார். மச்சான் குளிக்கப் போனதும், நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, பாட்டு வருகிற வயரையும் ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றி என் டப்பாவில் செருகினேன். டப்பாவைத் திரைச்சீலைக்குப் பின்னால் வைத்தேன். பழைய பெட்டியின் சிவப்பு விளக்கு எரியட்டும் என்று ஆன் செய்து வைத்தேன். மருமகன் பார்த்துக்கொண்டே இருந்தான். விஷயம் புரிந்ததும் சிரித்துக்கொண்டு, பெண்கள் வராதபடி அடுப்படிக் கதவைச் சாத்தினான்.

மச்சான் திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தனக்குப் பிடித்த பழைய பாட்டைப் போடச் சொன்னார்.

“கேட்டியா மாப்ள? இந்தச் சூடு ஒன் டப்பாவுல எந்தக் காலத்துல வரும்? எம்புட்டு சதை பாத்தியா!”

மருமகன் வாயைப் பொத்திக்கொண்டான். மச்சான் கண்ணை மூடியபடி கையை உயர்த்தினார். “இப்ப இடது பக்கம் வயலின் எந்திரிக்கும். இந்தா, வருது பாரு. கேளு, கேளு.” விரலால் இடது ஸ்பீக்கரைக் காட்டினார்.

இடது ஸ்பீக்கரிலிருந்து ஒன்றுமே வரவில்லை. அவசரத்தில் நான் செருகிய வயர் நழுவியிருக்க வேண்டும். அதுவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை. வலது பக்கம் மட்டும்தான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவரோ ஊமையாக நின்ற ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வயரைச் சரி செய்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். என் வயிற்றுக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம் பரவியது. நான் எழுந்து போய்த் திரையை விலக்கினேன்.

“ஓடுறது ஒங்க பெட்டி இல்ல மச்சான். என் சோப்பு டப்பா.”

மருமகன் கைதட்டிச் சிரித்தான். மகள் கூடச் சிரித்துவிட்டாள். மச்சான் முகம் கறுத்தது. அதோடு விட எனக்கு மனசில்லை. தொங்கிக்கொண்டிருந்த வயரை எடுத்து அவர் கண்ணெதிரே ஆட்டினேன்.

“அதுகூடப் போகட்டும். இடது பக்கம் ஓடவே இல்லையே. வயலின் எங்கிட்டு இருந்து வந்துச்சு? காது இருக்கா, இல்ல ரெண்டும் ஓட்டதானா?”

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அவுகளுக்கு இடது காது கேக்காது. நாலு வருசமாச்சு. மில்லுச் சத்தம்னு டாக்டர் சொன்னாரு. வலதும் கொறஞ்சுக்கிட்டேதான் வருது. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாக.”

மச்சான் எழுந்து பெட்டியை அணைத்தார். “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். நாங்கள் சாப்பிட்டோம். ஆம், நான் சாப்பிட்டேன். இரண்டாம் முறை ரசம் கூட வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவி ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். “அண்ணனுக்குக் காது கேக்கலன்னு எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?”

“அவரு கையைக் காட்டும்போதுதான்.”

“தெரிஞ்ச பொறவுதான் பேசுனீங்க, என்ன?”

நான் மடியில் இருந்த துணிப்பையின் வாயை முடிச்சுப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அக்கா போன் செய்தாள். மச்சான் பெட்டியைப் பிரித்து, டிரான்ஸ்ஃபார்மரைச் சுத்தியலால் உடைத்து, செம்புக் கம்பியை உருவி, பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டாராம். ஸ்பீக்கர் பெட்டிகளில் இப்போது கோழித் தீவனம் இருக்கிறதாம். மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். என் வீட்டு டப்பா இன்றைக்கும் நன்றாகத்தான் பாடுகிறது. அதன் மேல் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியாக உட்கார்ந்து கேட்கிறேன். பாட்டு ஆரம்பித்தால் மனைவி எழுந்து வெளியே போய்விடுவாள்.

ரகசியம் உடைந்த பிறகு ஊருக்கே தெரிந்துவிட்டது. போன தை மாதம் மம்சாபுரத்தில் ஒரு கல்யாணம். மச்சான் மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவராகவே என்னைக் கூப்பிட்டு வலது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பழையதை அவர் பேசவில்லை. மில்லில் வேலையை விட்டுவிட்டதாக மட்டும் சொன்னார். இடது பக்கம் மருமகன் வந்து உட்கார்ந்தான். சுற்றிலும் நாலைந்து சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவன் ரொம்ப மரியாதையாகக் குனிந்து, சிரித்த முகத்தோடு, அந்த இடது காதுக்குள் சொன்னான்:

“ஏலே செவிட்டுப் பயலே, இன்னும் எத்தன நாளைக்குலே சும்மா உக்காந்து திம்ப?”

நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். இது அவர்களுக்குப் பழகிப்போன விளையாட்டு என்று தெரிந்தது. மச்சான் அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தானும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மருமவன் என்னமோ சொல்லுதாரே, என்ன மாப்ள?”

“பந்தி போட்டாச்சாம் மச்சான். ஒங்கள மொதல்ல வந்து உக்காரச் சொல்லுதாரு.”

“தங்கமான பிள்ள” என்றார். அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, வேட்டியைச் சரி செய்துகொண்டு சாப்பிட எழுந்தார்.