காலர்காரர் போட்ட பொத்தான்

தெருவில் அவருக்குக் காலர்காரர் என்றுதான் பெயர். காலர் ஒரு நூல் கோணினாலும் முழுச் சட்டையையும் பிரித்துப்போட்டு மறுபடி தைக்கிற தையல்காரர். ஒன்பது வருஷத்துக்கு முன்பு கடைப் பலகை மாட்ட ஏணியில் ஏறி விழுந்ததில், கழுத்துக்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கியது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கை தூக்கும், விரல் பிடிக்காது. இப்போது மெஷினில் உட்காருவது மனைவி. பக்கத்தில் இருந்து குறை சொல்வது அவர். அதில் மட்டும் ஒரு குறையும் வைப்பதில்லை.

அவருடைய சட்டைகளில் அவள் உள்ளே அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்து, மேலே ஒப்புக்குப் பொத்தான் தைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், அதுதான் உறுத்தல்.

பழைய தண்டுவடக் காயத்துக்கு மாத்திரையையும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

"பலன் கிடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்," என்றார் டாக்டர். "பன்னிரண்டு வாரம் பார்ப்போம். விரல்ல மாற்றம் இல்லேன்னா நிறுத்திடுவோம்."

அதற்குள் தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுவிட வேண்டும் என்று காலர்காரர் மனதுக்குள் முடிவு கட்டினார்.

மாத்திரையை மணி தவறாமல் விழுங்கினார். பயிற்சியில்தான் கள்ளத்தனம். மணிக்கட்டை மேலே வளைத்தால் விரல்கள் தாமாக மடங்கும். ஒன்பது வருஷமாக அந்த வித்தையில்தான் காலம் தள்ளினார். பயிற்சியில் எடுக்கச் சொல்லும் மரக்குச்சிகளையும் அப்படியே எடுத்துக் காட்டிவிட்டுப் பெருமையாகப் பார்ப்பார். ஐந்தாவது வாரம், பயிற்சி தரும் பெண் மணிக்கட்டு வளையாதபடி பட்டை கட்டிவிட்டாள். ஒரு குச்சிகூட அசையவில்லை.

"அண்ணே, இத்தனை நாளும் விரல் சும்மாதான் இருந்திருக்கு."

"அதான் மாத்திரை சாப்பிடுறேனேம்மா!"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எண்ணெய் விட்டா மெஷின் தானா தைச்சிடுமா? மிதிக்க வேண்டாமா?"

சுருக்கென்றது அவருக்கு. மறுநாளிலிருந்து மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில், பட்டையைக் கட்டிக்கொண்டு பொத்தான் டப்பாவின் முன் உட்கார்ந்தார். எரிச்சலில் எத்தனையோ முறை டப்பாவைத் தள்ளிவிட்டார். அவள் வாரி அள்ளி மறுபடி முன்னால் வைத்தாள். எட்டாவது வாரம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு பெரிய கோட் பொத்தான் நழுவாமல் நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசி வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, வெல்க்ரோ இல்லாத சட்டையை மாட்டிவிடச் சொன்னார். பொத்தானை அவரே போட அரை மணி நேரம் ஆயிற்று. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"ஆச்சு. பாரு."

பார்த்தாள். மேலே மூன்று பொத்தான்கள் ஏறியிருந்தன, எல்லாமே ஒரு துளை தள்ளி. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சரிசெய்ய அவள் கை தானாக நீண்டது.

"தொடாதே," என்றார் காலர்காரர். "இப்படியே வர்றேன். யாரு போட்டதுன்னு டாக்டருக்குத் தெரிய வேண்டாமா?"