பல் கிளினிக்கில் பச்சை டோக்கன்

டோக்கன் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பதினொரு வருஷமாகப் பல் டாக்டரின் கிளினிக் வாசலில் டோக்கன் கொடுத்துக் கொடுத்து அந்தப் பெயர் தேய்ந்தே போய்விட்டது. வீட்டுக்காரரே, "டோக்கன், என் சட்டை எங்க?" என்றுதான் கூப்பிடுவார்.

யாரோ டாக்டருக்குக் கண்ணாடிக் குவளையில் மூன்று தண்டு லக்கி பாம்பூ, அதுதான் அதிர்ஷ்ட மூங்கில், கொடுத்தார்கள். அவர் அதைக் கொளுத்தும் வெயிலில் ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோனார். இலை நுனியெல்லாம் கருகின. அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நிழலான தன் மேஜைக்கு மாற்றினாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்துவைத்து, மருந்து வாடை போன பிறகே ஊற்றினாள். வாரம் தவறாமல் வேரையும் கூழாங்கற்களையும் அலசினாள். ஒரே மாதத்தில் செடி தளதளவென்று நிமிர்ந்தது.

பல் அடைக்க வந்த டீச்சர் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டாள். "எங்க வீட்டுது மஞ்சளாயிட்டே வருதுக்கா. கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வாங்களேன்" என்றாள் அக்கா, பேச்சுக்கு.

அதோடு போயிற்று நிம்மதி. டீச்சர் நாலு பேரிடம் சொல்ல, நாலு நாற்பதானது. காத்திருக்கும் அறையில் ஆளுக்கொரு குவளையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல் கவலையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பல்லுக்கு வெள்ளை டோக்கன், மூங்கிலுக்குப் பச்சை டோக்கன் என்று பிரித்தாள். அவசரத்தைப் பார்த்து முன்பின்னாக அனுப்பினாள்.

கன்னம் வீங்கிய பஸ் டிரைவர் ஒருவர் பொங்கி எழுந்தார். "நான் வலியில துடிக்கிறேன், அந்தக் குச்சிய முதல்ல பாக்கறீங்களே!"

"அதுக்கு இருக்கறதே ரெண்டு தண்டு சார். உங்களுக்கு இன்னும் முப்பத்தோரு பல்லு இருக்கு."

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். "இது பல் ஆஸ்பத்திரியா, செடி ஆஸ்பத்திரியா?"

அக்கா ஒரு ஜாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதன் குறுகிய வாய்க்குள்ளே அழுகிய மஞ்சள் தண்டு ஒன்று கற்களுக்கிடையே இறுகியிருந்தது. எடுக்காவிட்டால் பக்கத்துத் தண்டும் அழுகும். விரல் நுழையவில்லை.

டாக்டர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "தள்ளு" என்றார். உள்ளே போய்ப் பல் பிடுங்கும் குறடோடு வந்தார். ஜாடியைச் சாய்த்துப் பிடித்து, "வலிக்காது, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே மெல்ல ஆட்டி, ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். பக்கத்து வேர் அசையவில்லை. அறையே கைதட்டியது. டிரைவரும் தட்டினார்.

"ரெண்டு மணி நேரத்துக்குச் சூடா எதுவும் குடுக்காதீங்க" என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில். ஜாடிக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.

இருபது வருஷம் பல் பிடுங்கியும் தனக்கு யாரும் கைதட்டியதில்லை என்று அன்று மாலை டாக்டர் அக்காவிடம் சொன்னார். மறுநாளே வாசலில் புதுப் பலகை: 'வியாழக்கிழமை மூங்கில் மட்டும்.' அக்காவுக்கு வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்தார். அவள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "வாங்க டாக்டர்" என்றார்.