மணி சாப்பிடும் சைவச் சாப்பாடு

இன்று காலை செங்கல்பட்டு பஜாரில், காதர் பாயின் துணிக்கடையில் வேட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற சபாபதி முதலியார் தன் நாய் மணியோடு வந்தார்.

“பாய், இவன் ஒடம்பு எப்பிடி மினுமினுன்னு கீது பாத்தியா? ஆறு மாசமா பூசணிக்காய், சொரக்காய், பருப்புசோறுதான். என் கையாலயே வேக வெக்கிறேன். சாயந்திரம் ஜீவகாருண்யக் கூட்டத்துல இவனை மேடையேத்திப் பேசப்போறேன். உன் வூட்ல நாய்க்கு எலும்பு வெக்கிறியாமே? நிறுத்திட்டு இதையே போடு.”

மணி அதற்குள் பாயின் காலடியில் படுத்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

பாய் பொய் சொல்லத் தெரியாத மனிதர். துணி மடிப்பதை நிறுத்தினார்.

“நம்ம வூட்ல ஏதுங்க ஐயா நாய்? தெனம் மத்தியானம் அந்த எலும்பைத் துண்ணுட்டுப் போறதே உங்க மணிதான்.”

முதலியாரின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “காரம் இருக்குமா?” என்றார்.

“இல்லீங்க, கழுவித்தான் போடறோம்.”

“அப்பிடியே செய். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாணாம். மேடையில ஏப்பம் விட்டுடப்போவுது.”

கூட்டம் நன்றாகவே நடந்தது. மணிக்கு மாலை போட்டார்கள். நானும் கைதட்டினேன். தட்டியது சரிதானா என்று வாசகசாலை நண்பர்கள் சொல்லுங்கள். வாசகசாலைப் பலகையில் ஒட்டும் இந்தக் காகிதத்தின் அடியில் உங்கள் பதிலை எழுத இடம் விட்டிருக்கிறேன்.