சனிக்கிழமைக் காலையில் எங்கள் தலைகள்

ஷார்ஜாவில் நாங்கள் தங்கியிருந்த நர்ஸ் ஹாஸ்டலில், வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் ரூமிலேயே இருந்த கென்யா நாட்டு நர்ஸ், எங்களுக்குக் கென்யா அக்கா, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தலைப் பின்னலைப் பிரித்துக்கொண்டிருப்பார். அவரை நினைத்தால் முதலில் அந்தக் காட்சிதான் வருகிறது. மெல்லிய பின்னல்கள் தலையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் போகும். பிரித்து, அலசி, மறுபடி பின்னி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நானும் என் ரூம் தோழி தூத்துக்குடிக்காரியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பிரித்துக் கொடுப்போம். நான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவள், வாய் சும்மா இருக்காது. எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அக்காவின் ஊரில் வெள்ளைக்காரர்கள் பள்ளிக்கூடம் நடத்திய காலத்தில், முடியை ஒட்ட வெட்டினால்தான் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பார்களாம். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. அவருடைய அம்மாவுக்கு வெட்டினார்கள், பிறகு அவருக்கும் வெட்டினார்கள். "சம்பளம் வாங்க ஆரம்பிச்ச பிறகுதான் என் முடி எனக்குச் சொந்தமாச்சு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகள் இப்போது கனடாவில் படிக்கிறாள். அங்கே கறுப்பின மக்களின் வரலாற்றுக்கென்றே ஒரு மாதம் கொண்டாடுகிறார்களாம், சுவரெல்லாம் படம் ஒட்டுகிறார்களாம். நல்லதுதான். எனக்கு அந்த வரலாறு ஹாஸ்டல் தரையில் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது.

எங்கள் மருத்துவமனைக்குப் புதிதாக ஒரு மேட்ரன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலையில் கெட்டிக்காரர், நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு வியாழக்கிழமை கென்யா அக்காவை எல்லார் முன்னாலும் நிறுத்தி, "இந்தப் பின்னல் நீட்டா இல்ல. சனிக்கிழமை டியூட்டிக்கு வரும்போது இது இருக்கக் கூடாது. வெட்டிட்டு வந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டார். இடுப்பு வரை தொங்கும் எங்கள் சடையை மடித்து வலைக்குள் திணித்தால் அது நீட்டாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரூமுக்கு வந்த அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். "வெட்ட மாட்டேன். ஊருக்குப் போயிடறேன்" என்றார். அவர் சம்பளத்தில்தான் தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்திருந்தும் என்னால் மனதார "போகாதீங்க" என்று சொல்ல முடியவில்லை.

தூத்துக்குடிக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். "ஏட்டி, நாமளும் இவங்கள மாதிரியே பின்னிட்டுப் போனா என்ன? எத்தன பேரு தலயத்தான் வெட்டச் சொல்லும் அந்தம்மா?" என்றாள். நான் துள்ளிக் குதித்தேன். அக்காவுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னோம், அவருக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களையும் அவிழ்க்கச் சொன்னா என்ன செய்வீங்க?"

"அவிழ்க்க மாட்டோம்" என்றேன்.

"வேலை போனா?"

"போனா மூணு பேரும் ஒரே பிளைட்ல போவோம்."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சொன்னதைச் செய்திருப்போம். அக்கா பெட்டியை மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலையை அலசிவிட்டு வரச் சொன்னார். ஷாம்பூ தீரத் தீரத் தேய்த்தோம். வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து எங்கள் இருவர் தலையையும் பின்னினார். இழுத்த இழுப்பில் தூத்துக்குடிக்காரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனோம்.

அதோடு விட்டோமா? எண்ணெய் வைக்காத தலையோடு எங்கள் ஊர்ப் பெண் தூங்குவாளா! ஏ.சி. ரூமில் தலை காய்ந்து சூடு பிடித்துவிடும் என்று, படுக்கும் முன் நாங்கள் இரண்டு பேரும் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிப் பரபரவென்று தேய்த்துக்கொண்டோம். அக்கா அப்போது குளியலறையில் இருந்தார்.

காலையில் வார்டில் வரிசையாக நின்றோம். என் பின்னல்களில் பாதி எண்ணெயில் வழுக்கிக்கொண்டு அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. தூத்துக்குடிக்காரியின் தலை ஒரு பக்கம் வரிசை, ஒரு பக்கம் வைக்கோல் போர். மேட்ரன் வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! வார்டில் அவர் ஆங்கிலத்தில்தான் திட்டுவார்.

"இது என்ன அலங்கோலம்? மூணு பேர்ல ஒழுங்கா, நீட்டா தலை பின்னியிருக்கிறது இவ ஒருத்திதான்!"

நீட்டிய விரல் கென்யா அக்காவைக் காட்டியபடி அப்படியே நின்றது. என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"தேங்க் யூ மேடம்" என்றார் அக்கா. குரலில் கேலி துளிகூட இல்லை.

மேட்ரன் விரலை மடக்கிக்கொண்டார். "போங்க, போய் டியூட்டியப் பாருங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அன்று மருந்து அறைக்குள் போய் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அக்கா அழுதுவிட்டார், நாங்களும்தான்.

அக்கா தம்பிகள் படிப்பை முடிக்கும் வரை அங்கேயே இருந்தார். இப்போது தன் ஊர் மருத்துவமனையில் அவரே மேட்ரன். போன கிறிஸ்துமஸுக்குப் பேசியபோது, புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் முதல் நாள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"தலையில எப்படி வேணா பின்னிக்கிட்டு வாங்க, நகத்தை மட்டும் வெட்டிட்டு வாங்கன்னு சொல்வேன்" என்றார்.