சாவி கொடுக்காத சார்ஜன்

ராணுவத்தை விட்டு வெளியே வந்த முதல் மாதத்தில் ஒன்பது பேர் எனக்கு வேலை சொன்னார்கள். ஒன்பதும் ஜாகா வேலை, அதாவது வாசல் காவல். தொழிற்சாலை வாசலில் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்குவது, லாரி எண்ணைப் புத்தகத்தில் எழுதுவது, முதலாளியின் கார் வந்தால் சல்யூட் அடிப்பது. "ஆர்மி ஆளுதானே, கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குவாங்க" என்று மலாக்கா பக்கம் மஸ்ஜித் தானா டவுனில் மளிகைக்கடை பாய் முதற்கொண்டு என் சொந்த மச்சான் வரை சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் எனக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் இருபத்தொரு வருடம் துப்பாக்கியோடு வாசலில் நின்றவன் அல்ல. முகாம்களுக்கு மின்சாரம் கொடுத்தவன். காட்டுக்குள் ஜெனரேட்டரை இறக்கி, கேபிள் இழுத்து, மழையில் ஊறிய சுவிட்ச்போர்டைத் துடைத்துக் காயவைத்து, மருத்துவக் கூடாரத்தில் விளக்கு எரிய வைத்தவன். இதை யாரிடமும் விளக்க முடியவில்லை. ஆர்மி என்றால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் ஜாகா. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஊரை மட்டும் திட்டிப் பயனில்லை. என் முட்டாள்தனத்துக்கும் இதில் பங்கு உண்டு. பணி முடிவதற்கு முன் எங்களுக்கு வெளியுலக வேலைக்கென்று ஒரு பயிற்சி தருவார்கள். ஒரு பட்டியலை நீட்டி, எதையாவது எடு என்பார்கள். கெளுத்தி மீன் வளர்ப்பு, மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பது, முடிவெட்டு, ரொட்டி சுடுவது, வயரிங். வயரிங் வகுப்பை நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ராணுவத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர். அவர் முன்னால் உட்கார்ந்து வயரின் தோலை உரிக்கக் கற்றுக்கொள்வதா? நானா? என் மேலதிகாரியும், "உனக்குத்தான் கரண்ட் தெரியுமே, தெரியாததைப் படி" என்றார். எங்கள் பிரிவில் இருந்த மின்பணியாளர்கள் அத்தனை பேரும் இப்படித்தான் ஏமாந்தோம். ஒருவன் மீனுக்குப் போனான், ஒருவன் கத்தரிக்கோலைப் பிடித்தான். நான் ரொட்டி சுட்டேன். பேர் போட்டு, முத்திரை குத்தி, பளபளவென்று ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

வெளியே வந்த பிறகுதான் புத்தி வந்தது. ராணுவம் கொடுத்த தாள்களில் இருந்ததெல்லாம் எங்கள் குறியீடுகள். அதை வாசிக்க வெளியே ஆள் கிடையாது. தொழிற்சாலையின் சுவிட்ச்போர்டைப் பொறுப்பேற்று நடத்த சார்ஜ்மேன் சான்றிதழ் வேண்டும். அந்தப் பரீட்சையில் உட்கார, வெளியே ஒரு சார்ஜ்மேனுக்குக் கீழே வேலை செய்ததாக முதலாளியின் கடிதம் வேண்டும். அந்த வேலையைக் கேட்டுப் போனால், சான்றிதழ் எங்கே என்பார்கள். அலோர் காஜாவில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பெண் என் தாள்களை இரண்டு முறை புரட்டிவிட்டு, பரிதாபமாகப் பார்த்து, "அங்கிள், ஜாகாவுக்கு வேணும்னா ஆள் எடுக்குறோம்" என்றாள். பத்தாவது ஆள்.

கடைசியில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை கிடைத்தது. மேனேஜர் நம்மவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து மேலே வந்தவர், அதை ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்லுவார். ஆலையின் சுவிட்ச் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சார்ஜ்மேன் சான்றிதழ் தொங்கியது. அதற்குச் சொந்தக்காரர் சுங்கை ரம்பாயில் இருந்தார். மாதத்துக்கு ஒரு நாள் வருவார், முப்பது நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார், பசியாறிவிட்டுக் கிளம்புவார். அந்த முப்பது நாள் வேலையையும் பார்த்தவன் நான். எனக்குக் கொடுத்த பதவி, உதவியாள்.

"ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டு இருங்க சார்ஜன், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நானே போட்டுத் தரேன்" என்றார் மேனேஜர். சார்ஜன் என்று என் ராணுவப் பதவியைச் சொல்லி அவர் கூப்பிடும்போதெல்லாம் மரியாதையைவிட நக்கல்தான் அதிகம். அந்த ஒரு கடிதத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன். அவர் வீட்டு மின்விசிறியை மாட்டிக் கொடுத்தேன், அவர் மாமியார் வீட்டுத் தண்ணீர் பம்பையும் கழற்றிப் பூட்டினேன். சுங்கை ரம்பாய்க்காரர் வந்தால் தேநீர்கூட நான்தான் வாங்கி வந்தேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வாரமே என் சொந்தக் காசில் ஒரு சிவப்புப் பூட்டு வாங்கினேன். ஒரே சாவிதான், அது என் சட்டைப் பையில். எந்த இயந்திரத்துக்குள்ளாவது ஆள் இறங்கினால், அதன் சுவிட்சை இறக்கி அந்தப் பூட்டைப் போடுவேன். உள்ளே போனவன் திரும்பி வந்து, என் முன்னால் நின்று, முடிந்தது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை சாவி வெளியே வராது. ராணுவத்தில் எனக்குப் பழக்கிய வழி இது. கர்னலே வந்து கேட்டாலும் சாவி கிடையாது.

பதினோராவது மாதம். பழம் கொட்டோ கொட்டென்று வந்த நேரம். வெந்த பழத்தை மசிக்கும் பெரிய கொப்பரை ஒன்று ஆலையில் உண்டு. உள்ளே இரும்புக் கைகள் சுழலும். அதில் ஒரு கை தேய்ந்துவிட்டது. காலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டர் என்னிடம் வந்து, "அண்ணே, உள்ள இறங்கப் போறேன், கட் பண்ணிருங்க" என்றான். சுவிட்சை இறக்கினேன், பூட்டினேன், அவன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டேன்.

பத்தரை மணிக்கு மேனேஜர் வந்தார். வெளியே லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன.

"சார்ஜன், கை மாட்டியாச்சாம். ஓட விடுங்க."

"அவன் வந்து சொல்லலையே பாஸ்."

"எங்கயாவது பசியாறப் போயிருப்பான். வாங்க, காட்டுறேன்."

என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கொப்பரைக்குள் டார்ச் அடித்தார். ஆள் இல்லை. புதுக் கை மாட்டியிருந்தது. அடியில் ஒரு ஸ்பானரும் ஒரு ஜோடி கையுறையும் கிடந்தன.

"பார்த்தாச்சுல்ல? சாவியக் கொடுங்க."

"ஸ்பானர் உள்ள கெடக்குது பாஸ். எடுக்க வருவான். நாம சுவிட்ச் ரூமுக்கு நடந்து போறதுக்குள்ள எறங்கிட்டான்னா?"

அவர் முகம் மாறியது. வேலையாட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். "லெட்டர் வேணுமா வேணாமா? இப்ப சாவி இல்லன்னா, லெட்டரும் இல்ல. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். பொய் சொல்லவில்லை, நன்றாகவே யோசித்தேன். பதினோரு மாதம் வாங்கிக் கொடுத்த தேநீர் எல்லாம் ஞாபகம் வந்தது. கை சட்டைப் பை வரைக்கும் போனது. பிறகு பையின் பித்தானைப் போட்டேன்.

நாற்பது நிமிடம் ஆலை நின்றது. பிட்டரின் போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. மேனேஜர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நாற்பதாவது நிமிடத்தில் பிட்டர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், கையில் மீ கோரேங் பொட்டலம். சிம்பாங் அம்பாட் கடையில் கூட்டமாம். "என்னாண்ணே, எல்லாரும் நிக்கிறீங்க?" என்றான். ஆலையே சிரித்தது. லாரிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

அப்போது எனக்குள் எழுந்த ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பயல் உள்ளேயே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். ஸ்பானரைத் தேடிக் குனிந்தபடி உள்ளே இருந்திருந்தால், இன்று யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சிரித்தவர்கள் மேல் அதைவிட அதிகமாக இருக்கிறது.

அவன் இறங்கி ஸ்பானரை எடுத்துக்கொண்டு, என் முன்னால் வந்து, "முடிஞ்சிருச்சுண்ணே" என்றான். பூட்டைத் திறந்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பூட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் வர வேண்டாம் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார். கடிதம் கேட்டேன். உதவியாளுக்கு எதற்குக் கடிதம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ளதான் யாரும் இல்லையே, கொடுத்துத் தொலைச்சா என்னங்க?" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே கம்ப்யூட்டரைத் திறந்து, மலாக்கா டவுனில் நடக்கும் வயரிங் வகுப்பு ஒன்றின் விண்ணப்பத்தைக் காட்டினாள். அதில் அடியிலிருந்து ஆரம்பித்தால், பயிற்சிக்கு அனுப்பும் இடத்திலேயே கடிதமும் கிடைக்குமாம். நான் வேண்டாமென்று ஒதுக்கிய அதே வயரிங்.

"படிச்ச சான்றிதழ் ஒண்ணு சேர்க்கணுமாம்" என்றாள்.

"எங்கிட்ட என்ன இருக்கு?"

"ரொட்டிதான் இருக்கு" என்றாள். அதையே சேர்த்தாள்.

முதல் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். என்னைத் தவிர எல்லாருக்கும் மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. ஆசிரியருக்கு முப்பது வயதுகூட இருக்காது. விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள் முன்ன பேக்கரியிலயா வேல பார்த்தீங்க?" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. இருபத்தொரு வருடமும் தொண்டை வரைக்கும் வந்தது.

"ஆமா சார்" என்றேன்.

"பயப்படாதீங்க, மெதுவாக் கத்துக்கலாம்" என்று ஒரு துண்டு வயரையும் கத்தியையும் என் கையில் கொடுத்தார். தோலை உரித்தேன். செம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மொத தடவைக்குப் பரவாயில்லையே அங்கிள்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வயரை எடுத்தேன்.