மீனுக்கு ஊற்றிய முதல் குடம்

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த புதிதில், வீட்டுக்காரரைவிட எனக்கு அதிகம் பழக்கமானவை தண்ணீர் டிரம்கள்தான். அவர் லாரி ஓட்டப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். அங்கே ஆட்களை மேய்த்த மாதிரி இங்கே தண்ணீரை மேய்த்துக்கொண்டிருந்தார்.

பைப்பில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் டிரம்களில் பிடித்து வைப்போம்; அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். பாத்திரத்தில் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். நான் ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து முடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. தலைக்கு ஊற்ற மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் மாமனாரிடம் கேட்டேன். இந்த ஊர்ப் பொம்பளைகள் எல்லாம் எதில் குளிக்கிறார்களாம் என்று கேட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அந்தக் கோடையில் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து ஒரு ஃபைட்டர் மீன் வாங்கி வந்தார். நான் தனியாக இருக்கிறேனாம், துணைக்காம். நீல உடம்பு, சிவப்பு வால். பெட்டிக்கடை மிட்டாய் பாட்டில் ஒன்றில் விட்டு ஜன்னலோரம் வைத்தோம். அவர் லாரி ஏறிய மறுநாளே மீன் மாமனாருடையதாகிவிட்டது. டிரம்முக்குள் நெளியும் கொசுப்புழுவை டீ வடிகட்டியில் அள்ளிப் போடுவார். முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே பிடிப்பார். அது செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். 'கோவக்காரப் பய' என்று சிரிப்பார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்தப் பாட்டிலின் முன்னால்தான்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் மீனுக்கும் அதே சட்டம். அரிசி களைந்த தண்ணீரைக்கூடச் செடிக்கென்று எடுத்து வைக்கிற ஊர் அது. பாட்டில் தண்ணீரை மாற்றுவதென்றால் இருப்பதைக் கொட்ட வேண்டும். அவர் கொட்டவில்லை. வெயிலில் வற்ற வற்ற, குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. மீன் தின்ற மிச்சமும் கழித்ததும் வேறு அதிலேயே ஊறின. கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு விழுந்து, நாளாக நாளாகத் தடித்தது.

மீன் முதலில் சண்டைக்கு வருவதை நிறுத்தியது. பிறகு துடுப்பையெல்லாம் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டது. வாலின் ஓரம் கறுத்து, பழந்துணி மாதிரி நைந்து கிழிந்தது. நீலம் வெளுத்துச் சாம்பலானது. அடியில் சாய்ந்து கிடக்கும்; மூச்சு வாங்க மட்டும் தட்டுத்தடுமாறி மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுத் திரும்பவும் கீழே போய்விடும். உப்புத் தண்ணீரின் சீரழிவு எனக்குத் தெரியாததா? 

பக்கத்து வீட்டு போனுக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டபோது சொன்னேன். மீன் வாங்கிய கடையில் விசாரித்துவிட்டு மறுபடி பேசினார். உப்புத் தண்ணீர் ஆகாதாம், நல்ல தண்ணீராக மாற்ற வேண்டுமாம். மாமனாரிடம் சொன்னால், மனுஷருக்கே இல்லை என்றார். நான் விடவில்லை. சோறு போடும்போது சொன்னேன், காபி கொடுக்கும்போது சொன்னேன். மீனுக்காக மட்டும்தான் மல்லுக்கு நின்றேன் என்றால் அது பொய். மீனுக்கு மனம் இறங்கினால் என்றைக்காவது எனக்கும் இறங்குவார் என்று ஒரு நப்பாசை. கடைசியாக ஒருநாள் அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தபோது வாய்விட்டுக் கேட்டேன்.

"அது சாகக் கெடக்குது மாமா. கொஞ்சம் நல்ல தண்ணி குடுங்க."

அவர் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு டிரம் பக்கம் போனார்.

ரொம்ப நாள் கழித்துப் பைப்பில் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டில் முதல் குடம் சாமிக்கு. படத்தின் முன் வைத்து விளக்கேற்றிய பிறகுதான் யாரும் அதில் மொள்ளலாம். அன்றைக்கு மாமனார் அந்த முதல் குடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக ஜன்னலுக்குப் போனார். மீனைக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு, பழைய தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் கொட்டினார். ஆமாம், கொட்டினார். பாட்டிலைக் கழுவி, குடத்துத் தண்ணீரை நிறைய ஊற்றினார். டிரம்மில் பல நாளாகக் கிடந்த நல்ல தண்ணீரைக் கொடுக்க அவருக்கு மனசில்லை. கொடுப்பதென்று ஆனபின் புதுசாக, சாமிக்குப் போகிறதையே கொடுக்க வேண்டும். 

பிளீச்சிங் பவுடர் வாடை வீடெல்லாம் அடித்தது. தண்ணீர் வருகிற அன்று அப்படித்தான் அடிக்கும். எங்களுக்கு அது சுத்தத்தின் வாடை. உள்ளே விட்டதும் மீன் பாட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தது. உசுரு வந்துட்டு பாரு என்றார். பிறகு அது கண்ணாடியில் மோதியது. செவுளைத் திறந்து திறந்து மூடியது. ஒருச்சாய்ந்து, மல்லாந்தது. பைப்பில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த நாங்கள் இரண்டு பேருமே போகவில்லை.

ஒருநாள் பிடித்து வைத்து பிளீச்சிங் வாடை போன தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் அப்புறம் கேட்டுவந்து சொன்னார். டிரம்மில் கிடந்த பழைய தண்ணீரே போதுமாக இருந்திருக்கும். பாதிச் சேதி சொன்ன அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

மீன் செத்த அன்றைக்கு மாமனார் குனிந்து பாட்டிலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"நீ கேட்டியேன்னுதான் தாயி குடுத்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.